மாமனார் துப்பாக்கி, மாப்பிள்ளை துப்பாக்கி

உலகத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் முறைத்துக்கொள்ள ஆயிரம் காரணங்கள் உண்டு. ஸ்கூட்டர், மோதிரம், தலைதீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பேன்ட் துணியின் கலர். ஆனால், துப்பாக்கிக்குள் இருக்கும் மருந்தை எப்படிப் பற்றவைப்பது என்பதற்காக முறைத்துக்கொண்ட மாமனார், மாப்பிள்ளையைப் போன டிசம்பரில்தான் பார்த்தேன். இடம்: அமெரிக்கா, பென்சில்வேனியா மாநிலம்.

அங்கே ஒரு சின்ன ஊரில் என் பெரியப்பா பையன் இருக்கிறார். மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போடா என்று கூப்பிட்டார். டிக்கெட் அண்ணன் செலவு. (பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் சொந்தக் காசில் அமெரிக்கா போனான் என்றால் நீங்களும் நம்பமாட்டீர்கள், இன்கம்டாக்ஸ்காரரும் நம்பமாட்டார்.)

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. எழுபதைத் தாண்டியவர், ரிட்டயர்டு தச்சர். மகளும் மாப்பிள்ளையும் கூடவே இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு என் வயசு. கார் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. மான் மோதி நசுங்கிய காருக்கு நஷ்டஈடு கணக்குப் போடுகிறவர். மாமனாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா அசரவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய மனக்குறை இருந்தது.

"இவன் வச்சிருக்கிறது துப்பாக்கியே இல்லை தம்பி" என்றார். ('தம்பி' என் சேர்க்கை. இங்கிலீஷில் அந்தச் சௌகரியம் இல்லை.)

*

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு மான் வேட்டைக்கு மங்களம் பாடியாகிவிட்டது. அங்கே கதை வேறு. மானைத் தின்ன ஓநாய் இல்லை. அது பாட்டுக்குப் பெருகிக் காட்டில் இளஞ்செடிகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. ராத்திரியில் ஹெட்லைட்டுக்கு முன்னால் வந்து நின்று விழிக்கிறது. ஆகவே அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன ஆயுதம் என்று கணக்கு வைத்துச் சுடச் சொல்கிறது.

ரைஃபிளுக்கு ஒரு சீசன், வில் அம்புக்கு ஒரு சீசன். அது போக, பழங்காலத் துப்பாக்கிக்கென்றே தனி சீசன். பென்சில்வேனியாவில் இதை 1974-ல் ஆரம்பித்தார்கள். இப்போது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரிவரை நடக்கிறது. நிபந்தனை: 1800-க்கு முன் செய்த அசல் துப்பாக்கி, அல்லது அது மாதிரி இன்று செய்த நகல். சிக்கிமுக்கிக் கல்லால்தான் பற்றவேண்டும். டெலஸ்கோப் கூடாது.

தாத்தா தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஆளுயரக் குழாய், அவரே இழைத்த மேப்பிள் கட்டை. எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார்.

முதலில் கருமருந்தை அளந்து குழாயின் வாய்வழியாகக் கொட்டவேண்டும். (வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சிவகாசி வாசகர்கள் சிரிக்கவேண்டாம்.) எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து நீளக் குச்சியால் அடிவரை தள்ளவேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணி இருக்கும். அதில் ஒரு சிட்டிகை நைஸ் மருந்து. இப்போது விசையை இழுத்தால், சுத்தி கவ்விக்கொண்டிருக்கும் கல் ஒரு இரும்புத் தகட்டில் போய் உரசும். பொறி கிண்ணியில் விழும். கிண்ணியில் எழும் தீ ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். அதற்கப்புறம்தான் குண்டு கிளம்பும்.

நம் ஆபீசில் ஃபைல் நகர்கிற மாதிரிதான். கிளார்க், சூப்பிரண்டு, மேனேஜர் என்று நாலு மேஜை தாண்டவேண்டும். எந்த மேஜையில் நின்றாலும் காரியம் நடக்காது. லேசாகத் தூறல் போட்டால் மொத்த ஆபீசும் லீவு.

மாப்பிள்ளையும் உள்ளே போய்த் தன் துப்பாக்கியை எடுத்துவந்தார். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, பளபளக்கும் குழாய், மேலே டெலஸ்கோப். இதுவும் வாய்வழியாக மருந்து போடுகிற ஜாதிதானாம். சத்தியம் செய்தார்.

1985-ல் மிசௌரிக்காரரான டோனி நைட் என்ற துப்பாக்கித் தொழிலாளி எம்.கே.85 என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பற்றவைக்கும் சாதனத்தைப் பக்கவாட்டில் வைக்காமல், மருந்துக்கு நேர் பின்னால் ஒரே கோட்டில் வைத்துவிட்டார். 'இன்லைன்' என்று பெயர். தீ வளைந்து நெளிந்து போகவேண்டாம், நேராக மேனேஜர் ரூமுக்கே போய்விடும். அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் இறங்கின. கல்லுக்குப் பதில் ஷாட்கன் தோட்டாவின் அடியில் இருக்கும் 209 நம்பர் பிரைமர் வந்தது. அளந்து கொட்டும் தூளுக்குப் பதில் மாத்திரை வந்தது. டாக்டர் சீட்டு மாதிரி, வேளைக்கு இரண்டு. உருண்டைக் குண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் சட்டை போட்ட கூர்முனைக் குண்டு.

தாத்தாவின் துப்பாக்கிக்கு 40, 50 கஜம் என்றால் சௌகரியம். மாப்பிள்ளையுடையதில் 200 கஜம்வரை தைரியமாகக் குறி பார்க்கலாம்.

*

கிறிஸ்துமஸ் ராத்திரி. அண்ணி கொண்டுபோன பிரியாணியை ஆளுக்கு இரண்டு தடவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது.

மாப்பிள்ளை நல்ல வக்கீல். "பழமை பழமைங்கிறாரே, எந்த வருஷத்துப் பழமை?" என்று என்னிடம் கேட்டார். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார் இருந்தாராம். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாளில் பறவை வேட்டை. விசையை இழுத்ததும் கிண்ணியில் தீ பளிச்சென்று தெரியும். குண்டு வருவதற்குள் பறவை பறந்துவிடும். பாதிரியாருக்குப் பொறுமை போய்விட்டது. தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தை வைத்துப் பற்றவைக்க ஒரு வழி செய்து, 1807-ல் பேடன்ட் வாங்கிவிட்டார். நம் பசங்கள் தீபாவளிக்கு வெடிக்கும் கேப்புக்கு அவர்தான் ஒருவகையில் தாத்தா.

"1807-லேயே ஒருத்தருக்குக் கல் துப்பாக்கி அலுத்துப்போச்சு. இவருக்கு இன்னும் அலுக்கலை. அந்தக் காலத்து ஆளுங்க கையில இன்லைன் கிடைச்சிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தாத்தாவைப் பார்த்தேன். அவர் நிதானமாக எலும்பை ஓரமாக வைத்தார்.

"பழசுங்கிறதுக்காக நான் சண்டை போடலை. தனியா ஒரு சீசன் ஏன் கொடுத்தாங்க? இந்தத் துப்பாக்கியாலே மான் அடிக்கிறது கஷ்டம்னுதானே? கஷ்டத்தை எடுத்துட்டா சீசனையும் திருப்பிக் கொடுத்துடணும் இல்லையா?"

இந்த இடத்தில் எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்துவிட்டான். அட, இது நம்ம சலுகைக் கணக்கு! அதே 1985-ல் நம் நாட்டில் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். கையால் நெய்வது மெதுவாக நடக்கும், ஆகவே போட்டியில்லாமல் ஒரு பாதுகாப்பு. விசைத்தறியில் ஓட்டிவிட்டுக் கைத்தறி என்று சீட்டு ஒட்டினால்? துணி என்னவோ நன்றாகத்தான் இருக்கும். சலுகைக்குத்தான் அர்த்தம் போய்விடும்.

ஒரு சலுகை இருந்தால் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது மனித சுபாவம். அமெரிக்காவில் இந்த ஓட்டை மாநிலத்துக்கு மாநிலம் வேறு சைஸ். ஐடஹோவில் இந்தத் தனி சீசனுக்குக் கறார்: சுத்தி வெளியே தெரியவேண்டும், 209 பிரைமர் கூடாது, மாத்திரை கூடாது, பிளாஸ்டிக் சட்டை கூடாது, டெலஸ்கோப் கூடாது. கொலராடோவில் இன்லைன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாத்திரையும் டெலஸ்கோப்பும் கூடாது. மிசிசிப்பிக்குப் போனால் மயக்கமே வரும். அங்கே 'ஆதிகால ஆயுதம்' என்ற பட்டியலில், ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும், சுத்தி வெளியே தெரியும் பழைய மாடல் ரைஃபிளையும் சேர்த்துவிட்டார்கள். டெலஸ்கோப்பும் உண்டு. பலர் அதில் போட்டுச் சுடுவது .35 வீலன் என்ற தோட்டா. அது பிறந்தது 1922-ல். அப்படிப் பார்த்தால் எங்கள் தாத்தாவும் ஆதிகால ஆயுதம்தான்.

2020-ல் இன்னொரு வேடிக்கை. மருந்தை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்தே விற்க ஆரம்பித்தார்கள். குப்பி பின்பக்கமாக உள்ளே போகும், குண்டு மட்டும் வாய்வழியாக. இது வாய்வழித் துப்பாக்கியா இல்லையா? சில மாநிலங்கள் ஆமாம் என்றன. சில மாநிலங்கள் போய்யா என்றன.

பென்சில்வேனியா இரண்டு பேரையும் சமாளிக்கப் பார்த்திருக்கிறது. அக்டோபரில் கொம்பில்லாத மானுக்கு ஒரு வாரம். அதில் எந்த வாய்வழித் துப்பாக்கியும் செல்லும். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கல் மட்டும். இங்கேயும் விட்டார்களா? மாத்திரையையே கல்லால் பற்றவைக்கும்படி உள்ளே மாற்றி அமைத்து, பிளாஸ்டிக் கட்டை போட்டு, 'பென்சில்வேனியா பெல்லட்' என்று மாநிலத்தின் பேரிலேயே ஒரு துப்பாக்கி வந்துவிட்டது.

"அதுவும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. தாத்தா கை கழுவ எழுந்து போய்விட்டார்.

*

மறுநாள் விடிகாலை. "நீயும் போறியாடா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அண்ணன். அண்ணி மட்டும் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் அண்ணன் ஜாக்கெட், ஆரஞ்சுத் தொப்பி என்று மூட்டை கட்டி அனுப்பிவைத்தார். துப்பாக்கி கையில் இல்லாத ஒரே ஆள் நான்.

முழங்கால்வரை பனி. நானும் தாத்தாவும் ஒரு சரிவில் மரத்தடியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஓடைக்கு அந்தப் பக்கம் போனார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். என் காது இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு பெண்மான் வந்தது. 80 கஜம் இருக்கும். பக்கவாட்டில் அசையாமல் நின்றது. எனக்கு நெஞ்சு திக்திக்கென்றது. தாத்தா துப்பாக்கியைத் தூக்கவேயில்லை. ஐந்து நிமிஷம். அதுவாக மேய்ந்துகொண்டே கிட்டே வந்தது. 60... 50... 35 கஜம். தாத்தா மெதுவாகத் தோளில் வைத்தார். விசையை இழுத்தார்.

'ஃபுஸ்!'

கிண்ணியில் பளிச்சென்று ஒரு தீ. ஒரு வட்டப் புகை. தீபாவளி வாசனை. அவ்வளவுதான். ஃபைல் மூன்றாவது மேஜையில் நின்றுவிட்டது. மான் எங்களைப் பார்த்தது. 'இதுக்குத்தானா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?' என்கிற மாதிரி ஒரு பார்வை. வாலைத் தூக்கி நாலே தாவலில் மறைந்துவிட்டது.

குழாயைக் கொஞ்ச நேரம் அப்படியே காட்டுப்பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார் தாத்தா. சிலசமயம் தாமதமாக வெடிக்குமாம். பிறகு ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். "இதான் தம்பி இந்தச் சீசன்" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஒரு மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் 'டமார்' என்று கேட்டது. தாத்தாவின் சிரிப்பு நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பனியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கே ரத்தம், ரோமம். மான் இல்லை. "எவ்வளவு தூரம்?" என்றார் தாத்தா. "ஒரு... 100 கஜம் இருக்கும். நல்லாத்தான் தெரிஞ்சது" என்றார் மாப்பிள்ளை. தாத்தா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நிற்கவைத்தார். உடனே துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தூரம் ஓடுமாம். அப்புறம் நடக்க ஆரம்பித்தார்.

வெள்ளைப் பனியில் ஒரு சொட்டு. பத்தடி தள்ளி ஒரு சொட்டு. சில இடத்தில் படுத்து எழுந்த பள்ளம், அதில் கொஞ்சம் அதிகமாக. இரண்டு மணி நேரம் போனோம். ஒருத்தரும் பேசவில்லை. நான் காலையில் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு, வெளிச்சம் மங்குவதற்குமுன், ஒரு விழுந்த மரத்தடியில் அது படுத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். தாத்தா தலையை ஆட்டினார். "நீ ஆரம்பிச்சது. நீதான் முடிக்கணும்."

வழியிலேயே மறுபடி மருந்து கெட்டித்து வைத்திருந்தார் மாப்பிள்ளை. கிண்ணியில் ஒரு சிட்டிகை போடுவதற்குள் கை நடுங்கிப் பாதி பனியில் கொட்டியது. இந்தத் தடவை பத்தடி தூரம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

*

அன்று ராத்திரி அவர்கள் வீட்டு மேஜையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என் அக்டோபர் துப்பாக்கியா இருந்தா அந்த இடத்துலயே விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்" என்றார் தாத்தா. சட்டென்று ஒப்புக்கொண்டதில் மாப்பிள்ளையே திகைத்துப்போனார். "ஆனா, அக்டோபர் துப்பாக்கி கையில இருந்தா நீ 100 கஜத்துலயா சுட்டிருப்பே? 200-ல சுட்டிருப்பே. அங்கே ஒரு சின்னப் பிசகு வந்தாலும் இதே கதைதான்."

மாப்பிள்ளை விடவில்லை. "அப்போ உங்க துப்பாக்கியால யாருமே காயம் பண்ணினதில்லையா?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இந்தச் சீசனுக்குப் போக ஆரம்பித்த புதிதில் தானும் தூரத்தில் ஒன்றைச் சுட்டதாகச் சொன்னார். அன்று பனி இல்லை, மழை. ரத்தத்தை மழை கழுவிவிட்டது. மறுநாளும் போய்த் தேடினாராம். கிடைக்கவில்லை. "அன்னியிலிருந்து எனக்கு 40 கஜம்தான். அதுக்கு மேல மகாராஜாவே வந்து நின்னாலும் தூக்கமாட்டேன்."

எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. மானுக்கு நோகக்கூடாது என்றால் நல்ல கருவி வேண்டும் என்கிற மாப்பிள்ளை பேச்சும் சரி. கருவி நல்லதாக ஆக ஆக ஆசையும் தூரம் போகும் என்கிற தாத்தா பேச்சும் சரி. சட்டப் புத்தகத்தில் கல்லைப் பற்றி எழுதலாம், மாத்திரையைப் பற்றி எழுதலாம், டெலஸ்கோப்பை வேண்டாம் என்று எழுதலாம். 80 கஜத்தில் நிற்கிற மானைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரு என்று எந்த அரசாங்கம் எழுத முடியும்? அந்த வரியை அவனவனேதான் எழுதிக்கொள்ளவேண்டும். தாத்தா எழுதிக்கொள்வதற்கு ஒரு மான் விலையாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் ஒன்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக் கொல்லையில் மாப்பிள்ளை கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டோடு பனியில் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு நடந்தார். ஒரு இடத்தில் நின்று, பக்கெட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்பி வந்து, வாசற்படியிலிருந்து வெறுங்கையால் குறி பார்த்தார். 40 கஜம் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று பழகிக்கொள்கிறார் போலிருக்கிறது.

மேல்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. தாத்தாவின் தலை.

"அது 38 தான்!"

எந்த ஊராக இருந்தால் என்ன, மாமனார் மாமனார்தான்.